கம்பெனி கைவிட்ட டிரையல்ஸ் வண்டியைத் திருநெல்வேலியில் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: பெங்களூரில் ஒருவரிடம் 2012ஆம் ஆண்டின் ஸ்பானிய டிரையல்ஸ் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 250 சிசி, டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்தது. அதைச் செய்த சிறிய நிறுவனம் பிற்பாடு கடனில் மூழ்கிக் கைமாறி, அந்த மாடலையே நிறுத்திவிட்டது. "அண்ணாச்சி, இதை வாங்கலாமா? வாங்கினால் நம் ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? சாமானுக்கு எங்கே போவது?" என்கிறார்.

வாங்கலாம். ஆனால் வண்டிக்கு எவ்வளவு தருகிறீர்களோ அதில் மூன்றில் ஒரு பங்கை வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, கடையில் என்றுமே கிடைக்காத சில சாமான்களை முதலில் வாங்கிப் பெட்டியில் பூட்டுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பாளையங்கோட்டையில் பம்புசெட் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இதே வகையைச் சேர்ந்த ஒரு வண்டியைப் பதினோரு ஆண்டுகளாக என் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓட்டிவருகிறேன். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் அனுபவம்தான் உங்களுக்குப் பயன்படும்.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரையல்ஸ் என்பது வேகப்போட்டி அன்று. பாறை, ஓடை, வேர், செங்குத்துச் சரிவு என்று குறித்துவைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, வழியில் விழுந்தாலோ பாதையை விட்டு விலகினாலோ 5; குறைந்த புள்ளி வாங்கியவரே வெல்கிறார். இதற்கென்றே செய்யப்படும் வண்டியில் இருக்கை இராது, பெட்ரோல் டாங்க் இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளாது, மொத்த எடை 70 கிலோவை ஒட்டி இருக்கும். நம் தெருவில் நிற்கும் 350 சிசி புல்லட்டின் பாதி எடைகூட இல்லை. ஆனாலும் அந்தப் புல்லட்டுக்கே இந்த விளையாட்டில் பெருமையான இடம் உண்டு. 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை இங்கிலாந்து வீரர் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டில்தான். பிறகு இங்கிலாந்தின் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. சென்னை திருவொற்றியூரில் வண்டி செய்வது நிற்கவில்லை. 1977 முதல் இங்கிருந்து அங்கேயே வண்டி ஏற்றுமதியும் ஆனது. செய்தவர் போன பின்னும் வண்டி பிழைப்பது ஒன்றும் புதிய கதை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

டிரையல்ஸ் வண்டி செய்யும் நிறுவனங்கள் ஏன் அடிக்கடி சாய்கின்றன என்று புரிந்துகொண்டால், எந்தச் சாமானுக்குக் கவலைப்பட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். இந்தத் தொழிலின் பெரும்பகுதி ஸ்பெயினின் காட்டலோனியாவில், பார்சிலோனாவையும் ஜிரோனாவையும் சுற்றித்தான் இருக்கிறது. மோன்டெசா என்ற ஸ்பானிய நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தவர் 1958இல் தொடங்கிய புல்டாகோ, டிரையல்ஸ் வீரர் சாமி மில்லரின் கைவண்ணத்தில் உருவான ஷெர்பா டி வண்டியால் 1965இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது, 1980களில் மூடப்பட்டது. மோன்டெசா ஹோண்டாவின் கைக்குப் போனதால் பிழைத்தது. புல்டாகோ வண்டி விற்றுக்கொண்டிருந்த இருவர் 1985இல் தொடங்கியது கேஸ் கேஸ். அதே 1980களில் நின்றுபோன ஓஸா கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் உயிர்பெற்று, 2014இல் கேஸ் கேஸோடு இணைந்தது. மறு ஆண்டே கேஸ் கேஸ் கடன் தாங்காமல் உற்பத்தியை நிறுத்தி டாரட் என்ற நிறுவனத்திடம் போயிற்று, 2019இல் கேடிஎம் குழுமத்துக்குள் வந்தது. அந்தக் கேடிஎம்மே 2024 நவம்பரில் கடன் சீரமைப்புக்கு நீதிமன்றம் போக, 2025இல் நம் புனே பஜாஜ் ஆட்டோ 80 கோடி யூரோ நிதியோடு உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய கம்பெனியின் வண்டி என்றால் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். உலகம் முழுவதும் சேர்த்தாலும் இந்த வண்டியை வாங்குவோர் சிறு கூட்டமே. ஒரு மாடல் சரியாகப் போகாவிட்டால் அடுத்த மாடலுக்கு அச்சு செய்யப் பணம் இராது.

இந்தப் பலவீனத்துக்குள்ளேயே நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சிறிய நிறுவனம் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பிரேக்கை ஒரு பட்டறையிடம், முன் ஃபோர்க்கை இன்னொரு பட்டறையிடம், கார்புரேட்டரைக் கெய்ஹினிடமோ டெல்லோர்ட்டோவிடமோ, டயரை மிஷலினிடமோ டன்லப்பிடமோ வாங்கிப் பூட்டுகிறது. அந்தப் பட்டறைகள் பக்கத்து நிறுவனத்துக்கும் அதையே விற்கின்றன. நிறுவனம் மூடினாலும் அவை மூடுவதில்லை. பிரான்சின் ஸ்கார்ப்பா நிறுவனம் 2009இல் திவாலாகி, டிரையல்ஸ் வண்டி செய்யும் இன்னொரு நிறுவனமான ஷெர்கோவிடம் சேர்ந்தபோது, யமஹா என்ஜின் வைத்த ஸ்கார்ப்பா வண்டிக்காரர்கள் என்ஜின் சாமானுக்குத் திண்டாட நேரவில்லை. என்ஜின் யமஹாவினுடையது, அவ்வளவுதான் காரணம். ஆகவே வண்டியை வாங்குவதற்கு முன் அதன் பாகப் புத்தகத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் இது அந்த நிறுவனத்தின் சொந்தப் பாகமா, வெளியில் வாங்கிப் பூட்டியதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓர் இரவு போதும். சொந்தப் பாகம் என்று மிஞ்சுவது பெரும்பாலும் சிலிண்டர், ஹெட், கிராங்க், கியர், என்ஜின் கேஸ், பின் சஸ்பென்ஷன் இணைப்புக் கை, ஏர் பில்டர் பெட்டி, பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் மின்பெட்டியான சிடிஐ ஆகியவைதான். உங்கள் பணமும் கவலையும் போக வேண்டியது அந்தப் பட்டியலுக்கு மட்டும்.

பேரிங்கும் ஆயில் சீலும் கம்பெனிச் சாமான் என்று நினைத்து யூரோ கொடுத்து வரவழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. பேரிங்கின் விளிம்பில் எண் இருக்கும், சீலின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவும் மில்லிமீட்டரில் இருக்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் நல்ல பேரிங் கடை எதிலும் அந்த எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. கிராங்க் பேரிங்கின் எண்ணுக்குப் பின்னால் சி3 என்றோ சி4 என்றோ இருந்தால் அதையும் சேர்த்தே கேளுங்கள். அது உள்ளிடைவெளியின் அளவு. அது இல்லாத சாதாரண பேரிங்கைப் பம்புசெட் மோட்டாருக்குப் போடலாம், சூடேறி விரியும் டூ ஸ்ட்ரோக் கிராங்குக்குப் போட்டால் இறுகிவிடும். சீல் வாங்கும்போது கறுப்பு ரப்பரை விட்டுவிட்டு, பழுப்பு நிறத்தில் வரும் விட்டான் வகையைத் தேடுங்கள்; இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலை அதுவே தாங்கும். கிராங்க் சீல் போய்விட்டதா என்பதை வண்டியே சொல்லிவிடும். கியர்பெட்டிப் பக்கம் போனால் வெண்புகை தள்ளும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். மேக்னெட் பக்கம் போனால் காற்றை உறிஞ்சி, ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் என்ஜின் வேகம் இறங்காமல் அலறும். அலறும் வண்டியை அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, பிஸ்டன் பிடித்துவிடும்.

சொந்தப் பாகம் போனால் என்ன ஆகும் என்பதை என் வண்டியின் தண்ணீர்ப் பம்பைக் கொண்டே சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு ஆடிச் சாரலில் ஒருநாள், கியர் ஆயிலைப் பார்க்கும் சின்னக் கண்ணாடிக்குள் ஆயில் நீர்மோர் நிறத்தில் தெரிந்தது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பிரித்தால், பம்பின் தண்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்குப் பள்ளம். புதுத் தண்டு கேட்டு நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன். அப்போது அவர்கள் கடன்காரர்களுக்கே பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தார்கள். பக்கத்து லேத்துப் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் அதே அளவுக்குக் கடைந்து வாங்கினேன். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு நூலிழை பிசகவில்லை. ஆனாலும் பதினைந்தே நாளில் மறுபடியும் மோர். கிணற்று மோட்டார் சீலில் இதே தவறை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தும் அன்று என் கண்ணில் படவில்லை: லேத்தின் கத்தி நகர்ந்துகொண்டே கடைவதால் தண்டின் மேல் மிக மெல்லிய திருகு வரி விழும், தண்டு சுழலும்போது அந்த வரியே திருகாணியைப் போலத் தண்ணீரைச் சீலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் தண்டைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாகக் கடையச் சொல்லி, சீல் அமரும் அந்த ஒரு விரற்கடை அகலத்தை மட்டும் கிரைண்டிங் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக இறக்கி அளவுக்குக் கொண்டுவந்து, 1200ஆம் எண் எமரித் தாளால் மெருகேற்றினோம். அந்தத் தண்டு இன்றும் ஓடுகிறது. அப்போதே இன்னும் இரண்டு கடைந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுவைத்தேன்.

ஆனால் லேத்துக்காரர் கையை வைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. நம் ஊர் மெக்கானிக்குகள் ஆர்எக்ஸ் 100 பார்த்துக் கை பழகியவர்கள். டூ ஸ்ட்ரோக்கின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார்கள், அவர்களை விட்டால் உங்களுக்கு வேறு கதி இல்லை. ஆனால் ஆர்எக்ஸின் சிலிண்டருக்குள் இருப்பது வார்ப்பிரும்பு. தேய்ந்தால் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றலாம். உங்கள் வண்டியின் சிலிண்டர் அலுமினியம், அதன் உட்சுவரில் நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. போர் போட்டால் பூச்சே போய்விடும், சிலிண்டர் அன்றோடு தீர்ந்தது. அதற்குரிய பிஸ்டன்கள் ஏ, பி என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரும்; சிலிண்டரின் மேல் அல்லது கீழ் விளிம்பில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து அதே எழுத்தை வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கச் சொல்லும் சாமானும் இதுதான்: ஒரு பிஸ்டன், இரண்டு செட் ரிங், முடிந்தால் பூச்சு கெடாத ஒரு பழைய சிலிண்டர். அடுத்தது சிடிஐ. மேக்னெட்டின் உள்ளே இருக்கும் காயில் எரிந்தால் கம்பியின் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் குறித்துக் கொடுத்தால் மோட்டார் காயில் கட்டுகிறவர் சுற்றித் தந்துவிடுவார். நானே இரண்டு சுற்றியிருக்கிறேன். சிடிஐ பிசினுக்குள் புதைத்த பெட்டி, அதைத் திறந்து ஒன்றும் செய்வதற்கில்லை. இதனால்தான் உங்களுக்குக் கிடைப்பது கார்புரேட்டர் வண்டி என்று படித்ததும் எனக்கு நிம்மதி. இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்திருந்தால், நிறுவனம் இல்லாத நிலையில், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பெட்ரோலுக்கு வருவோம். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது 20 விழுக்காடு எத்தனால் யாருடைய கணக்கிலும் இல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கலவையை மெலியச் செய்யும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டி, பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக வருகிறதா என்று பாருங்கள். ஓட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலையே டாங்கையும் கார்புரேட்டரின் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்; அதற்கு ஐந்து நிமிடம் ஆகும், வடிக்காமல் விட்டு அடைத்துப்போன பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்ய அரைநாள் ஆகும். ஆயில் கலப்பதில் நம் ஊர்க் கை தாராளம். டிரையல்ஸ் என்ஜின் பெரும்பாலும் ஐடிலிங்கிலேயே ஓடுவதால் கூடுதல் ஆயில் எரியாமல் சைலன்சரில் கறுப்புத் தாராய் வடியும். கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால், நல்ல சிந்தெடிக் ஆயில் லிட்டருக்கு 12 முதல் 15 மில்லி போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள்.

ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் கூடவே கூடாது. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்தில் டீ போடும் பாத்திரத்தில் படியும் வெள்ளைக் காரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை அளவே உள்ள ரேடியேட்டரின் நூலளவு குழாய்களில் அந்தக் காரை படிந்தால் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் கொதித்துவிடும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றி, ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். இந்த வண்டி நடை வேகத்தில் போவதால் எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் ஒன்றே துணை. அது சுற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பின் சஸ்பென்ஷனின் இணைப்புக் கையில் இருக்கும் ஊசி பேரிங்குகள்தான் இந்த வகை வண்டிகளில் சத்தமில்லாமல் சாகும் உறுப்பு. சகதிக்கும் கழுவும் தண்ணீருக்கும் மிக அருகில் இருக்கின்றன, வெளியே தெரிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் வைக்க வேண்டும். என்ன கிரீஸ் என்றால், உவரியிலும் கூத்தன்குழியிலும் மீன்பிடி படகுக்காரர்கள் பயன்படுத்தும் தண்ணீர் புகாத கிரீஸ்தான். உப்புத் தண்ணீரையே தாங்குவது ஓடைத் தண்ணீருக்கு அசையாது. ஏர் பில்டர் நுரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேரிக்காட்டுச் செம்மணல் மாவைப் போன்றது, உலர்ந்த நுரை அதைத் தடுக்காது. மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காய்ந்த பின் பில்டர் ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மாட்டுங்கள்.

கிளட்சிலும் பிரேக்கிலும் ஊற்றும் எண்ணெயில் தவறினால் அதற்குத் திருத்தம் கிடையாது. சில வண்டிகளின் கிளட்ச் மாஸ்டர் மினரல் ஆயில் கேட்கும், சில டாட் 4 என்ற பிரேக் ஆயில் கேட்கும். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் லீவர் திரும்பாது. மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் திறக்காதீர்கள்.

டயரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், சுருக்கிக்கொள்கிறேன். பின் டயரில் 4 முதல் 6 பிஎஸ்ஐ, முன் டயரில் அதைவிடச் சற்றுக் கூடுதல். இதற்குமேல் காற்று இருந்தால் ரப்பர் பாறையைப் பற்றாது. பங்க்சர் கடையில் இருக்கும் கேஜின் முள் 10க்குக் கீழே நகரவே நகராது, பழக்கத்தில் 30 அடித்து அனுப்பிவிடுவார்கள். 15 வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் ஒன்றை வாங்கிப் பையில் வையுங்கள். பின் சக்கரம் டியூப்லெஸ். கம்பிகளின் முனையை மூடும் ரப்பர் பட்டை உங்கள் ரிம்மில் இருந்தால், டயர் மாற்றுகிறவர் கம்பியால் நெம்பி அதைக் கிழித்துவிடாதபடி பக்கத்திலேயே நில்லுங்கள்.

சட்டத்தையும் இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிக்கென்று வந்த இந்த வண்டிக்குப் பதிவெண் இராது. பதிவெண் இல்லாததைச் சாலையில் ஒரு ஃபர்லாங்குகூட ஓட்ட முடியாது. குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை கூப்பிடுவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அங்கே இந்த நினைப்பே கூடாது. ஊருக்குள் இருக்கும் பாறைகளிலும் எல்லாம் நமக்கில்லை: கல்வெட்டு இருக்கும், சமணர் படுக்கை இருக்கும், அடியில் ஒரு சுடலைமாடன் பீடம் இருக்கும். நான் ஓட்டுவது நாங்குநேரிப் பக்கம் உறவினர் ஒருவரின் பட்டா நிலத்தில், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழியில். அவரிடம் கேட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இனி பெங்களூருக்குப் போகும்போது செய்ய வேண்டியவை. சுங்கம் கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் வண்டியைப் பார்க்கவே வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்து, என்ஜினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையிலேயே உதைக்கச் சொல்லுங்கள். சூடேறியதும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு, வேகம் உடனே இறங்குகிறதா என்று கேளுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் அசைத்தால் இணைப்புக் கையில் கடகடப்பு தெரியும். கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு வடித்துப் பாருங்கள். எக்ஸாஸ்டைக் கழற்ற அவர் சம்மதித்தால் டார்ச் அடித்து, சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியாக, அவரிடம் இருக்கும் பழைய சாமான்கள், உடைந்தவை உட்பட எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசுங்கள். உடைந்த கிளட்ச் கவரும் தேய்ந்த தண்டும் அவருக்குக் குப்பை; நம் லேத்துக்காரருக்கு அவைதான் அளவெடுக்கும் மாதிரி. எந்தப் பாகத்தையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, சிலிண்டரின் விளிம்பில் இருக்கும் எழுத்தைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். அதே எழுத்துள்ள பிஸ்டன் ஒன்று என்னிடம் மீதி இருக்கக்கூடும். இல்லாவிட்டால், எனக்கும் சில சாமான் தேவைப்படுவதால், கூரியர் கட்டணம் பாதியாகும்படி இருவருக்கும் சேர்த்து ஒரே பார்சலாக வரவழைத்துக்கொள்ளலாம்.